மூணாவது தட்டு

மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை ஆர்மோனியத்தின் மேல் சாய்த்து வைத்திருக்கிறது. கால் முறிந்து ஆறு மாதம் படுத்துக் கிடந்த இசையமைப்பாளர், எழுந்த பிறகு போட்டிருக்கும் முதல் மெட்டு இது. நாலு மணிக்குப் பாடகி வந்துவிடுவார். தாளம் இன்னும் அமையவில்லை. டிரம்ஸ்காரர் எதை வாசித்தாலும் மெட்டு ஒரே இடத்தில் தயங்கிப் பின்தங்குகிறது. "பெட்ரோல் தீந்த ஸ்கூட்டர் மாதிரி நிக்குதுடா உன் பாட்டு," என்கிறார். "முப்பது வருஷமா அதுலதானே ஓசிச் சவாரி போற," என்றபடி இசையமைப்பாளர் தண்ணீர் குடிக்க எழுந்து அடுத்த அறைக்குப் போகிறார். ரப்பர் முனை வைத்த கைத்தடி சத்தமே போடுவதில்லை. அழுத்தமாக ஒரு அடி, பிறகு காலின் இழுப்பு மட்டும்தான் கேட்கிறது. டிரம்ஸ்காரரின் கை தன்னையறியாமல் அதைப் பிடித்துக்கொள்கிறது. பெரிய டிரம்மில் ஒரு அடி, சின்னதில் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு. கூடவே மெட்டை முணுமுணுக்கிறார். தயங்கிய இடத்தில் தேய்ப்பு வந்து உட்கார, பாட்டு நகர்கிறது. அடுத்த அறையில் காலடி நின்றுவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. கதவில் சாய்ந்தபடி, கையில் டம்ளருடன் நண்பர். "என் நடையைத்தானே வாசிக்கிற?" டிரம்ஸ்காரர் பிரஷ்ஷை மடியில் வைத்துவிடுகிறார். "வேணாம்னா வேற பாக்கலாம்டா." நண்பர் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறார். "வாசிக்கிறதுதான் வாசிக்கிற, முழுசா வாசி. மூணாவது எங்கே?" என்று இசையமைப்பாளர் கைத்தடியைத் தலைகீழாகத் திருப்பி, அதன் மரப்பிடியால் கதவில் ஒரு தட்டு தட்டுகிறார்.