நாலு மணி மாணவி

மணி நாலு அடிக்க வேண்டியதுதான், எதிர்வீட்டு அம்மா கையில் நூல் பையோடு வாசலில் நிற்பார்.

"டீச்சர், வரலாமா?"

"வாங்க வாங்க, டீ இப்பத்தான் கொதிக்குது."

பரிசோதகருக்குப் பற்றிக்கொண்டு வரும். டீச்சரின் கணவர், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். நாலு மணிக்கு டி.வி.யில் கால்பந்து பார்ப்பது அவருக்கு மாத்திரை சாப்பிடுகிற மாதிரி. இந்த அம்மா வர ஆரம்பித்ததிலிருந்து ரிமோட் கை மாறிவிட்டது.

"இந்த மூத்த மருமக என்னிக்குத்தான் திருந்துவா டீச்சர்?"

"அவ திருந்திட்டா தொடர் முடிஞ்சிடுமே!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பரிசோதகருக்குப் புரியாது.

"வெளியில மூட்டமா இருக்கு. மழை வரும்போல."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. நம்பித் துணியெல்லாம் எடுத்து உள்ள போட்டேன். வெயில் சுள்ளுன்னு அடிச்சுது."

அப்புறம்தான் பையிலிருந்து பின்னல் ஊசியும் நூலும் வெளியே வரும். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"ஐயோ டீச்சர், கண்ணி நழுவிடுச்சு!"

"மறுபடியுமா? குடுங்க இப்படி."

ஆறு மாதமாக இதே கூத்து. பின்னுவது ஒரு சாதாரண மஃப்ளர். அது இன்னும் ஒரு முழத்தைத் தாண்டவில்லை.

அன்று அந்த அம்மா படியிறங்கியதும் பரிசோதகர் பொரிந்து தள்ளினார்.

"ஆறு மாசத்துல ரயில் ஓட்டவே கத்துக்கலாம்! இது பின்னல் கத்துக்க வர்ற ஆள் இல்லை. ஓசி டீ, ஓசி டி.வி. சுத்த வித்தவுட் டிக்கெட்! எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"மெல்லப் பேசுங்க, காதுல விழப்போகுது." மனைவி அந்த அம்மா விட்டுப்போன மஃப்ளரில் நழுவிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். "இருபத்தெட்டு வருஷம் ஸ்கூல்ல கைவேலை சொல்லிக் குடுத்திருக்கேன். இப்படி ஒரு மக்கு மாணவியைப் பார்த்ததில்லைதான்."

மக்கு என்றாளே தவிர, முகத்தில் அலுப்பே இல்லை.

பரிசோதகர் முடிவு கட்டிவிட்டார். நாளைக்கு வாசலிலேயே வைத்து, 'போதும்மா, உங்களுக்கு இது வராது' என்று சொல்லி அனுப்பிவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலை மனைவி அவரைப் பச்சை நூல் வாங்கிவர அனுப்பினாள். கடை வாசலில் ஒரு குழந்தை ஸ்வெட்டர் தொங்கியது. நெஞ்சில் ஒரு வாத்து, அதன் பின்னால் வரிசையாக நாலு குஞ்சுகள். பரிசோதகரே நின்று பார்த்தார்.

"மெஷின்ல போட்டதா?"

"மெஷினா?" கடைக்காரர் சிரித்தார். "கை வேலை சார். உங்க எதிர்வீட்டு அம்மா பின்னினது. இருபது வருஷமா எனக்குப் பின்னித் தர்றாங்க."

பரிசோதகருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவங்களா? அவங்க என் வீட்டுக்காரிகிட்ட பின்னல் கத்துக்கிட்டு இல்ல இருக்காங்க!"

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க சார். ரிட்டயர் ஆனதுலேர்ந்து டீச்சர் ஜன்னல்கிட்டயே உக்காந்திருந்தாங்களாம். இந்தம்மாவுக்கு மனசு கேக்கலை. பாடம் எடுத்தாத்தான் டீச்சருக்கு உயிர் வரும்னு, எனக்குக் கத்துக்குடுங்கன்னு போய் நின்னிருக்காங்க."

பரிசோதகர் பச்சை நூலை வாங்கிக்கொண்டு நடந்தார்.

உண்மைதான். ரிட்டயர் ஆன முதல் மூன்று மாதம் மனைவி ஜன்னலே கதி என்று கிடந்தாள். கூப்பிட்டால்தான் சாப்பிட வருவாள். வயசானால் எல்லாரும் அப்படித்தான் என்று அவர் பாட்டுக்குக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்குத் தெரிந்தது இந்த வீட்டில் இருந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இந்த விஷயம் அவள் காதுக்கு மட்டும் போகவே கூடாது. போனால் மறுபடி ஜன்னல்தான்.

அன்று நாலு மணிக்கு வாசலுக்கு ஓடியது பரிசோதகர்தான்.

"வாங்கம்மா வாங்க! தொடர் ஆரம்பிச்சாச்சு!"

டீயை அவரே போட்டு எடுத்து வந்தார். சர்க்கரை போதுமா என்று இரண்டு தரம் கேட்டார். கண்ணி நழுவியபோது, "போகப் போகச் சரியாயிடும்மா" என்று ஆறுதல் வேறு. எதிர்வீட்டு அம்மாவே கொஞ்சம் பயந்துபோனார்.

அந்த அம்மா போனதும் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"என்ன, இன்னிக்கு உபசாரம் பலமா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லையே."

"நூல் கடைக்காரர் சொல்லிட்டாரா?"

பரிசோதகர் கையிலிருந்த சர்க்கரை டப்பா நழுவப் பார்த்தது.

"உனக்கு... தெரியுமா?"

"ரெண்டாம் நாளே தெரியும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு முழுப் பின்னலும் கோணல்மாணலாப் போகும். இவங்களுக்குத் தினம் ஒரே ஒரு கண்ணிதான் நழுவும். அதுவும் நான் எடுத்து மாட்டறதுக்குத் தோதான இடமாப் பார்த்து. தெரியாத கைக்கு இவ்வளவு நேர்த்தியாத் தப்புப் பண்ண வருமா?"

"தெரிஞ்சுக்கிட்டேவா ஆறு மாசமா சொல்லிக் குடுக்கறே?"

"பின்னே? பொண்ணு கல்யாணமாகிப் போனதுலேர்ந்து அந்த வீட்டுல பேச ஒரு ஆள் கிடையாது. சும்மா டீ குடிக்க வாங்கன்னு கூப்பிட்டா வர மாட்டாங்க, ரொம்பக் கூச்சம். மக்கா இருக்கிற வரைக்கும்தான் தினம் வருவாங்க." மனைவி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்க எதையாவது உளறிக்கொட்டி அவங்களைப் பாஸ் பண்ண வெச்சுடாதீங்க!"