சிவப்புப் பேனா

எங்கள் வீட்டுப் பள்ளியில் தேர்வு நடக்கும் முறை எளிது. என் மனைவி ரூபி கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். கர்த்தர் பார்க்கிறார், அது போதும் என்பாள். குத்துமதிப்பாக எழுதிய விடைகளை மகள் கெசியாவே கடைசியில் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவாள். விடை சரியாக இருந்தாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது. இன்று தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவளின் விரலில் சிவப்பு மை இருந்தது. “நிறைய அடிச்சுட்டேன்ப்பா. பாஸ் வராது” என்றாள் நிம்மதியாக. “வெளியில இப்படிச் செய்யக் கூடாதுன்னு நீங்க சொல்லலையா?” என்றாள் ரூபி. “நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சேன்.” விடைத்தாள் ஊர்விட்டு ஊர் போவதையும், முகம் தெரியாத ஓர் ஆசிரியர் அதைத் திருத்துவதையும் கெசியாவுக்குப் பொறுமையாக விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “நான் குத்துமதிப்பா எழுதினது எதுன்னு அவருக்கு எப்படிப்பா தெரியும்?” என்றாள். ஜெப நேரம் வந்தது. மூவரும் முழங்காலிட்டோம். ஜெபத்தை நடத்துவது நான். அந்த ஆசிரியர் சிவப்புக் கோடுகளை நம்ப வேண்டும் என்று கேட்பதா, நம்பக் கூடாது என்று கேட்பதா? ஆமென் சொல்வதற்காகக் கெசியா கண்மூடிக் காத்திருந்தாள்.