வலது லென்ஸின் கவலை

இலவம்பஞ்சு அடைக்கும் தலையணைக் கடையில் செல்வமணிக்கு வேலை. பஞ்சுத்தூசி பட்டால் அவளுக்குக் கண் அரித்துச் சிவந்துவிடும். அதற்காக மருந்து ஊறிய இரண்டு லென்ஸ்களைக் காலையில் கண்ணில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வலது லென்ஸுக்குப் பயம் வந்துவிட்டது. மூக்குக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கையிடம், "இன்னைக்கே எல்லா மருந்தையும் விட்டுட்டா நாளைக்கு என்னடி பண்றது?" என்று கேட்டது.

"கண்ணு இப்பவே அரிக்குதேக்கா. கொஞ்சம் விடேன்," என்றது இடது லென்ஸ்.

"உனக்கென்ன, நீ ஊதாரி. நாளைக்குத் தூசி இதைவிட அதிகமா வந்தா?"

வலது லென்ஸ் மருந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் செல்வமணியின் வலது கண் மிளகாய்ப் பழம் போலச் சிவந்துவிட்டது. கசக்கக் கசக்க நீர் வழிந்தது. இடது கண் தெளிவாக இருந்தது. வலது லென்ஸுக்கும் அழுகை வந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை.

ஒரு நாள் மட்டுமே போட வேண்டிய லென்ஸ்கள் அவை. மாலையில் செல்வமணி இரண்டையும் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"அக்கா, எவ்வளவு மிச்சம் வச்சிருக்க?" என்று கேட்டது இடது லென்ஸ்.

"முக்கால்வாசி இருக்கு," என்றது வலது. "நாளைக்குப் போதுமான்னுதான் தெரியல."