சர்வர் அணையும் நேரம்

தேவாலாவில் மழை விடவே இல்லை. சனிக்கிழமை என்பதால் எஸ்டேட் ஆபீசில் எல்லாரும் போய்விட்டார்கள். கம்ப்யூட்டர் கிளார்க் கோகிலவாணி மட்டும் ஜன்னலோரம் தன் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஆறு வருஷமாக அவள் ஆடிவரும் இணைய விளையாட்டின் சர்வரை அதை நடத்தும் கம்பெனிக்காரர்கள் நான்கு மணிக்கு ஒரேயடியாக அணைக்கப் போகிறார்கள். இன்னும் மூன்று நிமிஷம்தான். நடத்த முடியாவிட்டால் மென்பொருளை ஆடுகிறவர்களிடமே விட்டுவிட்டுப் போகட்டும், அழிக்க இவர்கள் யார் என்று தன் வலைப்பக்கத்தில் நீளமாக எழுதிப் பார்த்தாள். ஒரே ஒருவர் படித்துப் பதில் போட்டார். அவர்தான் இப்போது திரையில், ஆளில்லாத கடற்கரையில், பச்சைக் குல்லாய் வில்வீரனாக அவள் பக்கத்தில் நிற்கிறார். எந்த விளையாட்டு உசத்தி, எந்த மென்பொருள் குப்பை என்று அதன்பின் இருவரும் விடிய விடியச் சண்டை போட்டிருக்கிறார்கள். தகரக் கூரையில் மழை இரைகிறது. டீக்கடையிலிருந்து டீ கொண்டுவந்த ராக்கம்மா திரையை எட்டிப் பார்க்கிறாள்.

“ஏனுங்க, யாருங்க அந்தப் பச்சைக் குல்லா?”

“சிநேகிதருங்க்கா.”

“எந்த ஊருங்க அவரு?”

கோகிலவாணி அதை ஒரு நாளும் கேட்டதில்லை. ‘உங்க ஊர் எதுங்க?’ என்று அவசரமாகத் தட்டி அனுப்புகிறாள். ‘எழுதுகிறார்’ என்று கீழே ஒரு வரி மினுங்குகிறது. மினுங்கிக்கொண்டே இருக்கிறது. பிறகு கடல், மணல், வில்வீரன் எல்லாம் போய்த் திரை கறுப்பாகிறது.

“என்ன ஊருன்னாருங்க?”

“பக்கத்துலதாங்க்கா,” என்கிறாள் கோகிலவாணி, சூடான டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.