வாய் திறக்காத வால்வு

“எல்லாரும் ரயில விட்டுக் குதிங்க! சீக்கிரம்!”

பல் டாக்டர் போட்ட கூச்சலில் பெட்டியில் இருந்த குழந்தைகள் சிரித்தார்கள். குதிப்பதற்கு அங்கே உயரமே இல்லை. அந்த ரயில் அவருடைய முழங்கால் வரைதான் இருந்தது.

வீட்டைச் சுற்றித் தண்டவாளம் போட்டு, ஆள் உட்கார்ந்து போகிற நீராவி ரயில் ஒன்றைத் தன் கையாலேயே செய்திருந்தார் டாக்டர். உருவம்தான் சின்னது. உள்ளே எரிகிற கரியும் கொதிக்கிற தண்ணீரும் அசல். வெடித்தால் அதுவும் அசலாகத்தான் வெடிக்கும்.

ஊரே அவருடைய நாற்காலியில் உட்காரப் பயப்படும். அவரோ மின்விசிறி வேகமாகச் சுற்றினாலே தள்ளி உட்காருகிற ரகம். வீட்டில் ஃப்யூஸ் போனால்கூட டெஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறுவது மனைவிதான். ஆனால் இன்றைக்கு அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

எஞ்சினின் அழுத்த மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. குனிந்து பார்த்தார். பளபளவென்ற கண்ணாடியில் வெளுத்துப்போன அவர் முகமும், அதற்குள்ளே ஏறிக்கொண்டே போகிற முள்ளும் தெரிந்தன.

முள் கோட்டைத் தொட்டதுமே சேஃப்டி வால்வு தானாகத் திறந்து, மிஞ்சின நீராவியை உஸ்ஸென்று வெளியே விட்டிருக்க வேண்டும். மகள் ஆசைப்பட்டாளென்று எஞ்சின் முழுக்க அடித்திருந்த புதுப் பெயிண்டில் அந்த வால்வும் மூடியின் இடுக்குகூடத் தெரியாமல் பச்சைப் பசேலென்று உட்கார்ந்திருந்தது. ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

டாக்டர் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். முதல் பெட்டியில், கொதிகலனுக்குக் கை எட்டும் தூரத்தில், அவருடைய ஒரே மகள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு வாண்டுகள்.

“எறங்குடா கண்ணு! எல்லாரும் தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஓடுங்க!”

அவர் முகத்தைப் பார்த்ததும் குழந்தைகளின் சிரிப்பு நின்றது. மகள் அழ ஆரம்பித்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டிக்குப் பின்னால் விட்டுவிட்டு ஓடி வந்தார். நெருப்பை இழுத்துக் கீழே கொட்டக் கம்பியை எடுத்தால் கை நிற்கவில்லை. கம்பி தண்டவாளத்தில் கடகடவென்று தாளம் போட்டது.

“அத்தான், அத்தான்! கொட்டிடாதீங்க!”

எண்ணெய் கேனோடு ஓடி வந்தான் மைத்துனன். லேத் பட்டறைக்காரன். சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து எஞ்சினுக்குக் கூடுதல் பலம் கொடுத்தவன் அவன்தான். இன்றைக்கு அதற்குத்தான் வெள்ளோட்டம்.

“கிட்ட வராத மாப்ள! முள்ளு எங்க நிக்குது தெரியுமா? வால்வு தெறக்கவே இல்ல!”

மைத்துனன் நின்ற இடத்திலேயே தலையைச் சொறிந்தான். “வால்வு ஏன் அத்தான் தெறக்கணும்? உள்ள அவ்வளவு அழுத்தமே கெடையாது. மீட்டரு பொய் சொல்லுது.”

“என்னடா ஒளர்ற?”

“சிலிண்டரக் கழட்டுறப்ப ஸ்பானர் நழுவி மீட்டர ஒடச்சிட்டேன். சொன்னா நீங்க தூங்க மாட்டீங்கன்னு, பட்டறையில கெடந்த பழசு ஒண்ண மாட்டி வெச்சேன். அது எப்பவுமே கூட்டித்தான் காட்டும்.”

டாக்டர் கம்பியைக் கீழே போட்டார். திட்டத்தான் வாயைத் திறந்தார், சிரிப்புதான் வந்தது. போன உயிர் திரும்பி வந்தவனுக்குக் கோபம் எங்கிருந்து வரும்?

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு சும்மாவா சொன்னாங்க” என்றான் மைத்துனன். “இன்னும் கை ஆடுது பாருங்க. நீங்க நில்லுங்க, நான் ஓட்டுறேன்.”

வாண்டுகள் முந்தியடித்துக்கொண்டு மறுபடி ஏறின. மகள் மட்டும் அப்பாவின் சட்டையை விடவில்லை.

“வெடிக்காதாப்பா?”

“உங்கப்பன் ஒரு பயந்தாங்கொள்ளிம்மா. நீ ஏறு” என்று அவரே அவளைத் தூக்கி முதல் பெட்டியில் உட்கார வைத்தார். அந்தப் பொய்க்கார முள்ளைப் பார்த்தால் மறுபடி நெஞ்சு படபடக்கும் என்று, கைக்குட்டையை எடுத்து மீட்டரை மூடிக் கட்டினார். பிறகுதான் மைத்துனன் வந்து உட்கார்ந்தான். நெருப்பில் இன்னும் இரண்டு கரண்டி கரியை அள்ளிப் போட்டான்.

ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது. பெரிதாக்கின சிலிண்டர் சும்மா இல்லை. பிடித்துத் தள்ளின மாதிரி வேகம் எடுத்தது. மகள் கையை ஆட்டிக்கொண்டே வீட்டின் பின்பக்கம் திரும்பி மறைந்தாள்.

உள்ளேயிருந்து கேமராவோடு வந்தாள் டாக்டரின் மனைவி.

“அடடா, கெளம்பிட்டாங்களா? ஏங்க, சட்டையெல்லாம் என்ன இப்படி நனைஞ்சிருக்கு?”

“எல்லாம் உன் தம்பி பண்ண வேலை” என்று சிரித்தார் டாக்டர். “மீட்டர ஒடச்சிட்டு, எனக்குத் தெரியாம ஏதோ ஒரு பழசக் கொண்டுவந்து மாட்டியிருக்கான். நான் அந்த முள்ளப் பாத்து ஊரையே கூட்டிட்டேன்!”

அவள் சிரிக்கவில்லை.

“அந்தப் பழசையா? அதப் பாத்து நீங்க பயப்படுவீங்கன்னு நேத்தே கழட்டிட்டுப் புது மீட்டர் மாட்டிட்டேனே!”