ஒரு மாத்திரை மிச்சம்

காலி மாத்திரை அட்டையைக் கொடுத்தால்தான் அடுத்த அட்டை கிடைக்கும். முதுகுத்தண்டு நொறுங்கியதிலிருந்து, மூன்று வருடங்களாக சுகிர்தாவுக்கு அதுதான் விதி. இன்று அவள் நீட்டிய அட்டையில் ஒரு மார்ஃபின் வலி மாத்திரை மீதமிருந்தது.

“மிச்சம் இருக்கேம்மா. அப்ப வலி குறைஞ்சிடுச்சு,” என்றார் மருந்துக் கவுண்டரில் இருந்தவர். “அளவைக் குறைக்கச் சொல்லிடறேன்.”

“குறையலை சார். போன மாசம் ரெண்டு நாள் மருந்து வரலைன்னீங்க. அதான் நேத்து ஒரு வேளை போடாம, பல்லைக் கடிச்சுக்கிட்டு எடுத்து வச்சேன்.”

“ஓஹோ, சேர்த்து வைக்கிறீங்களா? அடிமையாகிறவங்க இப்படித்தான் ஆரம்பிப்பாங்க.”

வரிசையில் நின்றவர்கள் அவளுடைய கைப்பையைப் பார்த்தார்கள். அவளுக்கு வலியே இல்லை என்பதற்கும் அந்த ஒற்றை மாத்திரைதான் சாட்சி. அவள் போதைக்கு அலைகிறாள் என்பதற்கும் அதுதான் சாட்சி.

சுகிர்தா அட்டையைத் திரும்ப வாங்கினாள். மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள். காலி அட்டையைக் கண்ணாடித் தடுப்பின் கீழே தள்ளினாள்.

“இப்ப எதுக்கும்மா போட்டீங்க?”

“வலிக்குது சார்.”

அவர் காலி அட்டையை எடுத்துக்கொண்டு, அடுத்த அட்டையைப் பதியப் பதிவேட்டை இழுத்து வைத்து, பேனா மூடியைக் கழற்றினார்.