மாப்பிள்ளை உப்பு

ஒரு வண்டிமாட்டின் தொடைக்குள் இரண்டு தசைச் செல்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரிகளாக இருந்தார்கள். அன்று மாடு தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வெகுதூரம் நடந்தது. செல்களைச் சுற்றி உப்பு கூடிப்போனது. உடனே இரண்டு வீட்டுத் தண்ணீரும் உப்பைத் தேடி வெளியே கிளம்பியது. இருவரும் சுருங்கத் தொடங்கினார்கள். எதிரே பாலத்து மேடு வேறு இருந்தது. சுருங்கிய உடம்போடு வண்டியை இழுக்க முடியாது.

"மகளாட்டம் வச்சிருந்த தண்ணிய இழுத்துட்டுப் போறானே பாவி!" என்று பெரியவள் உப்பைத் திட்டிக் கதவைச் சாத்தினாள். தண்ணீர் சுவர் வழியாகக் கசிந்து போனது.

சின்னவளோ கதவைத் திறந்தாள். "வாங்க மாப்பிள்ளை, உள்ள வந்து உட்காருங்க."

"அடியே, அவனுக்கா விருந்து? ரோஷமே கிடையாதா உனக்கு?"

"மகள் திரும்பி வீட்டுக்கு வரணுமேக்கா."

உப்பு கொஞ்சம் உள்ளே போனது. அதன் பின்னாலேயே தண்ணீரும் வந்து சேர்ந்தது. சின்னவள் பழையபடி திரண்டாள்.

மேடு வந்தது. சின்னவள் மூச்சைப் பிடித்து இழுத்தாள். பெரியவளுக்கு அசையக்கூட முடியவில்லை. வண்டி பின்னால் நகர்ந்தது.

பெரியவள் வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது.

"ஏன் மாப்பிள்ளை, அங்க மட்டும்தான் போவீங்களா? நாங்க என்ன அந்நியமா?"